பூங்காவைப் பாடமாகப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பு படிக்கிறவர்களோடும் படிக்க ஆசைப்படுகிறவர்களோடும் பூங்காக்களைச் சுற்றும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. பூங்கா என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் சதுக்கம், ஆற்றங்கரை நடைபாதை, மக்கள் வந்து உட்காரும் எந்தத் திறந்தவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படங்களும் வரைபடங்களும் இணையத்திலேயே கிடைக்கின்றன. நேரில் போய்ப் புதிதாக என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

வடிவமைத்தவர் என்ன நினைத்தார் என்பதை வரைபடம் சொல்லும். அதற்கப்புறம் மழையும் வெயிலும் வேர்களும் பல்லாயிரம் கால்களும் அந்த நினைப்பை என்ன செய்தன என்பது இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. திறப்பு விழா சமயத்தில் எடுத்த படத்தில் எல்லாக் கல்லும் மட்டமாக இருக்கும், எல்லாப் புல்லும் பச்சையாக இருக்கும். பத்து வருஷம் கழித்துப் போனால் ஒரு படியின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கும், ஒரு பெஞ்சின் கீழே மண் குழிந்திருக்கும், இன்னொரு பெஞ்ச் யாரும் தொடாமல் பாசி பிடித்துக் கிடக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அந்தத் தேய்மானத்தைத்தான் நாம் வாசிக்கப் போகிறோம்.

இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 1850-இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்கன்ஹெட் பூங்காவைப் பார்த்தார். ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1847-இல் திறக்கப்பட்ட பொதுப் பூங்கா அது. அப்போது ஓம்ஸ்டெட் வடிவமைப்பாளர் இல்லை, விவசாயி. ஆனால் அவர் பார்த்த விதத்தைக் கவனியுங்கள். அழகை ரசித்ததோடு நிற்கவில்லை. களிமண் நிலத்தில் ஏரி தோண்டி, தோண்டிய மண்ணை மேடாகக் குவித்தது, வடிகால் போட்டது, பாதைகள் அமைத்தது, ஏழை பணக்காரர் எல்லாரும் அங்கே ஒன்றாக நடமாடியது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். எட்டு வருஷம் கழித்து, 1858-இல், கால்வர்ட் வாக்ஸோடு சேர்ந்து அவர் போட்ட திட்டம்தான் நியூயார்க் சென்ட்ரல் பார்க் போட்டியில் ஜெயித்தது. ஒரு பூங்காவை ஒழுங்காகப் பார்த்ததால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

பேர்பெற்ற பூங்காவுக்குத்தான் போக வேண்டுமா?

தேவையில்லை. நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் சாதாரணப் பூங்காவில் தொடங்குங்கள். அங்கே பத்துத் தடவை போகலாம். தூரதேசத்துப் பூங்காவை ஒரு மத்தியானம்தான் பார்க்க முடியும். அன்றைக்கு மழை பெய்தால் அதுவும் போச்சு.

என் யோசனை, இரண்டு இடங்களை ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்போதும் ஆள் நிறைந்திருக்கும் இடம், இன்னொன்று யாரும் எட்டிப் பார்க்காத இடம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. ஒரே வெயில், ஒரே ஜனங்கள், ஆனாலும் ஒன்று நிறைகிறது, ஒன்று காலியாகக் கிடக்கிறது என்றால் காரணம் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோதான் இருக்க வேண்டும்.

அளவைப் பார்த்து எடைபோடாதீர்கள். நியூயார்க்கில் 1967-இல் திறக்கப்பட்ட பேலி பார்க், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 42 அடிக்கு 100 அடி உள்ள ஒரு மனைதான். தெருவிலிருந்து சில படி ஏறினால் உள்ளே மெல்லிய இலைகள் கொண்ட மரங்கள், இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள், பின்சுவரில் 20 அடி உயரத்திலிருந்து கொட்டும் தண்ணீர். அந்தத் தண்ணீர்ச் சத்தம் தெருவின் இரைச்சலை மூடிவிடுகிறது. மரம், நாற்காலி, தண்ணீர் என்ற மூன்றே பொருள்களால் ஒரு இடம் நிறைந்துவிடும் என்று அது காட்டுகிறது. ஒரு வகுப்பறையை விடக் கொஞ்சம் பெரிய இடம் உங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், பாடம் இருக்கிறது.

போவதற்கு முன் என்ன படிக்க வேண்டும்?

கொஞ்சம்தான். செயற்கைக்கோள் படத்தில் இடத்தைப் பாருங்கள், வடக்கு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள், முன்பு அங்கே என்ன இருந்தது என்று விசாரியுங்கள். ஏரியா, தொழிற்சாலையா, ரயில் பாதையா? பழைய நிலம் புதிய பூங்காவுக்குள் எங்கேயாவது தலைகாட்டும். விமர்சனக் கட்டுரைகளை மட்டும் முதல் தடவை போய்வந்த பிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால் அவர்கள் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள்.

எந்த நேரத்தில் போனால் நல்லது?

ஒரே நேரத்தில் போகாதீர்கள் என்பதுதான் பதில். விடிகாலை, உச்சி வெயில், சாயங்காலம், விளக்கு போட்ட பிறகு என நான்கும் நான்கு வேறு பூங்காக்கள். காலையில் நடைப்பயிற்சிக்காரர்களின் சொத்தாக இருக்கும் பாதை, சாயங்காலம் குழந்தைகளின் சைக்கிள் தடமாகிவிடும். உச்சி வெயிலில் ஜனங்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று பார்த்தால், நிழல் எங்கே உண்மையிலேயே வேலை செய்கிறது என்று தெரியும். இரவில் எந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்தால், எங்கே விளக்கும் பார்வையும் போதவில்லை என்று தெரியும்.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால், சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் இருட்டும் வரை இருங்கள். வெயில், பொன்வெயில், அந்தி, விளக்கு எல்லாம் ஒரே உட்காரலில் கிடைத்துவிடும்.

இன்னொன்று: மழை விட்டவுடன் போங்கள். இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்ன எடுத்துக்கொண்டு போவது?

கோடு போடாத நோட்டுப்புத்தகம், பென்சில், 5 மீட்டர் டேப், குடிக்கத் தண்ணீர், தொப்பி. போனில் ரசமட்டம் காட்டும் செயலி இருந்தால் சரிவு பார்க்க உதவும். அவ்வளவுதான். கை நிறையக் கருவியோடு போனால் கருவியையே பார்த்துக்கொண்டிருப்போம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நோட்டுப்புத்தகத்தைப் பையிலேயே விடுங்கள். வாசலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அங்கிருந்து உள்ளே என்ன தெரிகிறது? ஆள் நடமாட்டம் தெரிகிறதா, வெறும் சுவர்தானா? வழிப்போக்கரை உள்ளே வரச் சொல்வது அந்தப் பார்வைதான்.

அப்புறம் எந்தத் திட்டமும் இல்லாமல் ஒரு சுற்று நடங்கள். கால் போன போக்கில் போங்கள், ஆனால் கால் எங்கே தயங்கியது என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தானாக வேகம் குறைந்தது? எங்கே திரும்பிப் பார்க்கத் தோன்றியது? எந்த இடத்தில் குளிர்ந்தது, எந்த இடத்தில் இரைச்சல் அடங்கியது? இரண்டாவது சுற்றில் அந்த இடங்களுக்கே போய் ஏன் என்று தேடுங்கள். பாதை வளைந்ததால் முன்னால் இருப்பது மறைந்திருக்கும்; தரை கரடுமுரடான கல்லாக மாறியிருக்கும்; மேலே மரக்கிளை தாழ்ந்து கூரை போல ஆகியிருக்கும். முதலில் உடம்பு உணரட்டும், காரணத்தை அறிவு அப்புறம் கண்டுபிடிக்கட்டும்.

சென்ட்ரல் பார்க்கில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. நகரத்தின் குறுக்குப் போக்குவரத்து அந்தப் பூங்காவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் அதற்கான நான்கு சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கிவிட்டார்கள். மேலே நடக்கிறவர் தான் ஒரு சாலையைக் கடக்கிறோம் என்று உணர்வதே அபூர்வம். இல்லாத தடங்கலை எப்படிக் கவனிப்பது? அதற்குத்தான் இரண்டாவது சுற்று.

எதையெல்லாம் அளக்க வேண்டும்? டேப் இல்லாவிட்டால் என்ன செய்வது?

உங்கள் உடம்புதான் முதல் டேப். நம் மொழியில் சாண், முழம், அடி, பாகம் என்று எல்லா அளவும் உடம்பிலிருந்து வந்தவைதானே. உங்கள் சாண் எத்தனை சென்டிமீட்டர், உங்கள் சாதாரண நடையில் ஒரு எட்டு எத்தனை என்று வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து எட்டு நடந்து, மொத்தத்தைப் பத்தால் வகுத்தால் சரியாக வரும். அதற்கப்புறம் எந்த ஊர்ப் பூங்காவையும் கைவீசி நடந்தே அளந்துவிடலாம்.

என்ன அளப்பது என்றால், உங்களுக்கு வசதியாக இருந்தது எதுவோ அதை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சுகமாக இருந்ததா? உயரத்தை அளங்கள், பெரும்பாலும் 40 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருக்கும். சாய்மானத்தின் கோணம், கைப்பிடி இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். வயதானவர் எழுந்திருக்கும்போது எதைப் பிடிக்கிறார் என்று பார்த்தால், அந்தக் கைப்பிடி எதற்கு என்று விளக்கமே வேண்டாம்.

படிக்கட்டு தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டுங்கள். 60-க்கும் 65 சென்டிமீட்டருக்கும் நடுவே வந்தால் மனித நடைக்குப் பொருந்தும். 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் சொன்ன கணக்கு இது, இன்றைக்கும் புழங்குகிறது. திறந்தவெளிப் படிகள் வீட்டுப் படிகளை விடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தால்தான் நன்றாக இருக்கும். உதாரணமாக 15 உயரம், 35 அகலம்: 30-உம் 35-உம் 65. ஏறிப் பாருங்கள், மூச்சு வாங்காது. அதே படிக்கட்டில் ஒரே ஒரு படி மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால், வரிசையாக வருகிறவர்கள் அந்த ஒரே படியில் தடுக்குவதைப் பார்க்கலாம். கால் முந்தின படியின் அளவை நம்பித்தான் அடுத்த படியை எதிர்பார்க்கிறது.

சாய்வுதளத்துக்கு எளிய கணக்கு 12-க்கு 1. ஒரு அடி ஏற வேண்டுமானால் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதை விடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியில் தனியாக வருகிறவர் ஏறுவது கஷ்டம். சாய்வுதளம் பிரதான வாசலிலேயே இருக்கிறதா, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். யாரை நினைத்து இந்த இடம் கட்டப்பட்டது என்று அது சொல்லிவிடும். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஒரு பூங்காவை மதிப்பிட எனக்கு ஒரே ஒரு இடம்தான் காட்டுவீர்கள் என்றால், அந்தச் சாய்வுதளத்தைக் காட்டுங்கள் என்பேன்.

மனிதர்களை எப்படிக் கவனிப்பது? முறைத்துப் பார்ப்பது போல இருக்காதா?

ஒரே இடத்தில் நிதானமாக உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் நீங்களும் அந்த இடத்தின் ஒரு பகுதி ஆகிவிடுவீர்கள். நின்றுகொண்டு குறிப்பெடுக்கிறவரைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

முறை இதுதான். இடத்தின் கோட்டுப்படம் ஒன்றைத் தோராயமாக வரையுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். உட்கார்ந்தவருக்கு வட்டம், நிற்பவருக்குக் கோடு, குழந்தைக்குச் சின்னப் புள்ளி என்று உங்களுக்கு வசதியான அடையாளம். இரண்டு மணி நேரத்தில் எட்டுப் படம் சேரும். எட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளிகள் எங்கே மொய்க்கின்றன, எங்கே காலியாக இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும்.

இப்படிப் பார்ப்பதை ஒரு துறையாகவே ஆக்கியவர்களில் ஒருவர் வில்லியம் ஒயிட். 1970-களில் நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமராவை வைத்து, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்கார்கிறார்கள் என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் பதிவு செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான முடிவு கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் ஜனங்கள் உட்கார்கிறார்கள். ஆனால் அதற்கு முன் கட்டப்பட்ட எத்தனையோ சதுக்கங்களில் பளிங்கு இருந்தது, நீரூற்று இருந்தது, உட்கார ஒரு விளிம்பு இல்லை. அந்த ஆய்வின் விளைவாக 1975-இல் அந்த நகரம் சதுக்கங்களுக்கான விதிகளையே மாற்றியது. இன்னொன்றும் அவர் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், பலர் உட்காருவதற்கு முன் அதைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்கார்கிறார்கள். போய் உட்கார்ந்த இடம் பழைய இடம்தான். ஆனால் அந்தச் சின்ன அசைவில் இடம் தன்னுடையது ஆகிவிடுகிறது.

நான் ஒரு மத்தியானம் முழுக்க ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மரத்தடியில் நாற்காலி, மடியில் செய்தித்தாள். வெயில் முழங்காலைத் தொட்டதும் எழுந்து நாற்காலியை ஒரு முழம் இழுத்துப் போட்டார். இருபது நிமிஷம் கழித்து மறுபடி ஒரு முழம். மூன்று மணி நேரத்தில் மரத்தைச் சுற்றிக் கால் வட்டம் போயிருந்தார். மணலில் நாற்காலிக் கால்களின் கோடுகள் விசிறி போல விரிந்து கிடந்தன. அவர் கிளம்பிய பிறகு போய் அந்தக் கோடுகளை அப்படியே வரைந்துகொண்டேன். அந்த மரத்தின் நிழல் எந்த வேகத்தில் எங்கே நகர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் யாரும் எனக்குத் தந்ததில்லை. பெஞ்சைத் தரையில் பதிக்கும்போதெல்லாம் இப்போது அந்த விசிறிதான் ஞாபகம் வருகிறது. பதித்த பெஞ்சுக்கு நிழல் தேடிப் போக முடியாது. அதனால் எந்த நேரத்து நிழலுக்காக அது பதிக்கப்பட்டது என்று கேட்டுப் பழகுங்கள்.

தரையையும் தண்ணீரையும் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது?

பூங்காவில் முக்கால்வாசி வேலை தரைக்குத்தான். மேலே தெரியும் மரமும் பூவும் பிழைப்பது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்வார்களே, அந்த வாட்டத்தைக் கண்ணால் பிடிக்கப் பழகுவது இந்தப் பயணங்களில் கிடைக்கும் பெரிய சொத்து.

மழை விட்ட அரை மணிக்குள் போங்கள். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே ஓடி வடிந்துவிட்டது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது என்று எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். மழை இல்லாத நாளிலும் தடயம் இருக்கும். காய்ந்த சேற்றின் விளிம்பு, சுவரில் கருப்புக் கோடு, வடிகால் மூடியைச் சுற்றிச் சேர்ந்த சருகு, ஒரு மூலையில் மட்டும் பாசி. குனிந்து தரையோடு தரையாகப் பாருங்கள். மட்டமாகத் தெரிந்த தளம் மெல்ல ஒரு பக்கம் சாய்வது அப்போதுதான் தெரியும். நல்ல தளத்தில் 50-க்கு 1 என்ற அளவில் ஒரு சின்னச் சாய்வு இருக்கும். நடக்கிறவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

இத்தாலியில் சியனா நகரத்தின் பியாட்சா டெல் காம்போ சதுக்கத்தைப் படத்திலாவது பாருங்கள். சிப்பி போல விரிந்த செங்கல் தளம், ஒன்பது பிரிவுகள், மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து கீழே ஒரு வடிகால் வாயில் போய் முடிகிறது. மழைநீரை வாங்கத் தேவையான சரிவே, அங்கே தரையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு அரங்கம் போல ஆகிவிட்டது. வடிகாலும் அழகும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்திருப்பதற்கு அது பல நூற்றாண்டுச் சாட்சி.

இந்தக் காலத்து உதாரணம் சிங்கப்பூரின் பீஷான் அங் மோ கியோ பூங்கா. அதன் ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய் ஓடியது, வேலி போட்டு. அதை உடைத்து, பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து போகும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். சாதாரண நாளில் ஜனங்கள் ஆற்றங்கரை வரை போய்க் கல்லில் உட்காரலாம். பெருமழையில் ஆறு அகன்று புல்வெளி மேலேயே பரவும். வெள்ளம் ஏறுவதற்கு முன் எச்சரிக்கை விளக்கும் சைரனும் உண்டு. அங்கே போகிறவர்கள் கரையை ஊன்றிப் பார்க்க வேண்டும். கான்கிரீட் இல்லாமல் வேரும் கல்லும் பின்னி மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் விதம்தான் அங்கே பாடம்.

எனக்குச் செடிகளின் பெயரே தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. பெயர் அப்புறம் வரும். முதலில் செடி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மறைக்கிறதா, நிழல் தருகிறதா, வழி காட்டுகிறதா, மண்ணைப் பிடிக்கிறதா? முழங்கால் உயரச் செடி நடையை மட்டும் தடுக்கும், பார்வையை விட்டுவிடும். கண் உயரத்தைத் தாண்டினால் அது சுவர். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி விளங்கிவிடும்.

மரத்தின் அடியைப் பார்க்க மறக்காதீர்கள். இரும்புச் சட்டம் தண்டை இறுக்குகிறதா, வேர் தரைக்கல்லைத் தூக்குகிறதா, கான்கிரீட் அடிமரம் வரை வந்துவிட்டதா? மரம் வளரும் என்பதை வரைந்தவர் நம்பினாரா இல்லையா என்று அங்கே தெரியும்.

வாடிய பருவத்திலும் போய்ப் பாருங்கள். நியூயார்க்கில் பழைய சரக்கு ரயில் பாலத்தின் மேல் அமைந்த ஹை லைன் பூங்காவுக்குச் செடித் திட்டம் போட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் அவுடோல்ஃப். பூ உதிர்ந்த பின் நிற்கும் காய்ந்த தண்டும் விதைத் தலையும்கூட அவருடைய வடிவமைப்பில் சேர்த்திதான். அங்கே நடைபாதைப் பலகைகள் ஓரத்தில் விரல்கள் போலக் கூம்பிச் செடிகளுக்குள் நுழைந்துவிடுகின்றன. பாதை எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டாத அந்த விளிம்பை யாராவது அங்கே போனால் குனிந்து பார்க்க வேண்டும்.

புல்தரையின் குறுக்கே ஜனங்கள் போட்ட ஒற்றையடிப்பாதை வடிவமைப்பின் தோல்விதானே?

தோல்வி என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். அது ஜனங்கள் கால்களால் எழுதிக் கொடுத்த மனு. எங்கிருந்து எங்கே போகிறது என்று முழுக்க நடந்து பாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசலுக்கா? கழிப்பறைக்கா? எத்தனை எட்டு மிச்சமாகிறது? அதன் அகலத்தையும் அளங்கள். ஒரு ஆள் அகலமா, இரண்டு பேர் பேசிக்கொண்டே போகும் அகலமா என்பதில் யார் போகிறார்கள் என்பது அடங்கியிருக்கிறது. சில இடங்களில் அந்தப் பாதைக்கே பிறகு கல் பதித்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால், அங்கே பராமரிக்கிறவர்களுக்குக் காது இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு இடம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அங்கே நேரம் செலவழிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. பிடித்த இடத்தில் காரணங்கள் மறைந்துகொள்ளும். பிடிக்காத இடத்தில் அவை துருத்திக்கொண்டு நிற்கும்.

நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் 1970-களில் போதைப்பொருள் விற்கும் இடமாகப் பேர் எடுத்திருந்தது. தெருவை விட உயர்ந்த மட்டம், சுற்றிலும் வேலியும் அடர்ந்த புதரும், குறைவான வாசல்கள். ஒரு காலத்தில் தெருவின் சந்தடியிலிருந்து அமைதி தருவதற்காகச் செய்த அதே ஏற்பாடு, உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் ஆக்கிவிட்டது. ஒயிட் அதைப் பார்த்துவிட்டு, புதரை எடுங்கள், வாசலைக் கூட்டுங்கள் என்ற வகையில் யோசனை சொன்னார். வடிவமைப்பாளர் லாரி ஓலின் குழுவின் மறுவடிவமைப்போடு 1992-இல் மறுபடி திறந்தபோது மறைப்புகள் போய் நகர்த்தும் நாற்காலிகள் வந்திருந்தன. நடுவில் புல்வெளி, சுற்றிலும் பெரிய மரங்கள் என்ற அமைப்பு பழையதுதான். கண்ணுக்கு வழி விட்டதும் மனிதர்கள் வந்தார்கள்.

ஆகவே பிடிக்காத இடத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே மூன்று விஷயங்களை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவேன்? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவேன் என்பது பதில் ஆகாது.

பழைய தொழிற்சாலைகளைப் பூங்காவாக்கிய இடங்களில் எதைப் பார்ப்பது?

எதை விட்டுவைத்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் எரிவாயு ஆலை இருந்த இடத்தில் ரிச்சர்ட் ஹாக் வடிவமைத்த பூங்கா 1975-இல் திறக்கப்பட்டது. துருவேறிய கோபுரங்கள் புல்வெளிக்கு நடுவே அப்படியே நிற்கின்றன. ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் 1985-இல் மூடிய இரும்பாலையைப் பீட்டர் லாட்ஸ் பூங்காவாக்கினார். தாதுக் கிடங்குச் சுவர்களில் இன்று மலையேற்றப் பயிற்சி நடக்கிறது, பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். ஒவ்வொரு பழைய பொருளுக்கும் புதிதாக ஒரு வேலை கிடைத்ததா, வெறும் நினைவுச் சின்னமாக நிற்கிறதா என்று பட்டியல் போட்டுப் பாருங்கள்.

போட்டோ எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் வரைந்த பிறகு. மனிதர் முகம் தெரிந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகளைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்கவே வேண்டாம். முழுக் காட்சியை எல்லாரும் எடுப்பார்கள். நீங்கள் சேர்ப்புகளை எடுங்கள்: கல் புல்லைத் தொடும் இடம், கைப்பிடி தரையில் இறங்கும் இடம், சுவரின் உச்சி விளிம்பு, இரண்டு பொருள் சந்திக்கும் மூலை. பக்கத்தில் உங்கள் கையையோ பென்சிலையோ வைத்து எடுத்தால் அளவு பின்னால் தெரியும்.

எனக்கு வரைய வராது.

அழகாக வர வேண்டியதே இல்லை. கை நகரும்போதுதான் கண் நிற்கிறது, அதற்காகத்தான் வரைவது. ஒரு படிக்கட்டைப் போட்டோ எடுக்க ஒரு நொடி. வரைய உட்கார்ந்தால் எத்தனை படி என்று எண்ணியே ஆக வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின், சியரா மலைகளில் நீரோடைகள் பாறையில் விழுந்து தெறிப்பதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். போர்ட்லேண்ட் நகரத்தில் அவர் செய்த, ஜனங்கள் இறங்கி விளையாடும் கான்கிரீட் நீர்வீழ்ச்சிகளில் அந்த ஓடைகள் தெரிகின்றன.

மேலிருந்து பார்க்கும் வரைபடத்தை விடக் குறுக்குவெட்டு வரையப் பழகுங்கள். இடத்தைக் கத்தியால் வெட்டி, பக்கவாட்டில் நின்று பார்ப்பது போல. சாலை, விளிம்பு, புதர், பெஞ்ச், மரம், தண்ணீர் எல்லாம் எந்த உயரத்தில் இருக்கின்றன, உட்கார்ந்தவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது அதில்தான் வரும். அளவுக்கு ஒரு மனித உருவத்தைக் கண்டிப்பாக வையுங்கள்.

அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசலாமா?

அவசியம் பேசுங்கள், அவர்கள் ஓய்வாக இருக்கும்போது. எந்தச் செடி சாகிறது, எந்தக் குழாய் அடைக்கிறது, எந்த மூலையைத் தினமும் இரண்டு தடவை பெருக்க வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். “இங்கே உங்களுக்கு ரொம்ப வேலை வைக்கிற இடம் எதுங்க?” என்ற ஒரு கேள்வி போதும். நான் கேட்ட ஒரு அம்மா துடைப்பத்தை வைத்துவிட்டு, என்னை ஒரு வளைவான சுவருக்குப் பின்னால் கூட்டிப்போனார். காற்று அங்கே சுழன்று பூங்காவின் சருகையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கிறது. வரைபடத்தில் அந்த வளைவு அழகாக இருந்தது.

தனியாகப் போவதா, குழுவாகவா?

முதல் தடவை தனியாக. அடுத்த தடவை உங்களை விட வேறு உடம்போடு ஒருவரைக் கூட்டிப்போங்கள்: பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு தாய், ஊன்றுகோல் வைத்த நண்பர். அவர்கள் வேகத்தில் நடங்கள். நீங்கள் கவனிக்காமலே தாண்டிய இரண்டு அங்குல விளிம்பு அவர்களுக்கு எவ்வளவு பெரிய சுவர் என்று அன்றைக்குத் தெரியும். உட்கார இடம் தேடும் தூரமும் அப்போதுதான் புரியும்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்வது?

அன்று ராத்திரியே, போட்டோவைத் திறக்காமல், இடத்தை ஞாபகத்திலிருந்து வரையுங்கள். சில பகுதிகள் தெளிவாக வரும், சில இடம் வெற்றுத்தாளாக நிற்கும். வெற்றாக நின்ற பகுதியை அடுத்த தடவை போய்ப் பாருங்கள். ஒன்று, அங்கே நிஜமாகவே எதுவும் இல்லை. அல்லது நீங்கள் பார்க்கத் தவறியிருக்கிறீர்கள்.

அளவுகளைத் தனி நோட்டில் ஏற்றுங்கள்: தேதி, நேரம், வானிலை, பெஞ்ச் உயரம், பாதை அகலம், படிக் கணக்கு, அது எப்படி இருந்தது என்று ஒரு வரி. “1.2 மீட்டர் பாதை, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டியிருக்கிறது.” “42 செ.மீ. விளிம்பு, மத்தியானம் சூடு, சாயங்காலம் ஆறு மணிக்குமேல் இடம் கிடைக்கவில்லை.” இப்படி இருபது இடம் சேர்ந்தால், அடுத்து நீங்கள் ஒரு பாதை வரையும்போது 1.2 என்ற எண்ணைப் போட்ட உடனே அந்த ஒதுங்கல் உங்கள் தோளுக்கு ஞாபகம் வரும்.